மெல்லக் கதைக்கச் சொன்ன குற்றம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயரில் பிழையில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் கரை முழுவதையும் அழவைத்தவன் நான்தான். ஒத்துக்கொள்கிறேன். வாடகைக்குக் கதிரை விடுகிறவர் நாற்பது கதிரைகளைக் கொண்டுவந்து இறக்கியது என்னால்தான். கனடாவில் ஒருவர் வேலைக்கு லீவு சொன்னதும் என்னால்தான். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயரைப் பற்றி ஒரு சொல் சொல்ல விடமாட்டேன். (இதை வாசிக்கும்போது என் மனைவி இந்த இடத்தில் பெருமூச்சு விடுவாள். விடட்டும்.)

நான் வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் வெங்காயம் கூட அதிராமல்தான் விளையும். அப்பா அம்மாவோடு கதைப்பது பக்கத்து அறைக்குக் கேட்க வேண்டுமானால் பக்கத்து அறையில் இருப்பவர் எழும்பி வரவேண்டும். சத்தம் போடும் உரிமை நாய்க்கு மட்டும்தான் இருந்தது. அதுவும் அளவோடு குரைக்கும். அப்படி வளர்ந்து, பௌதிகவியல் படித்து, ஆசிரியராகி, வசந்தியைக் காதலித்துக் கல்யாணம் செய்து, தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு கரையூருக்கு மருமகனாக வந்து சேர்ந்தேன்.

அந்த ஊரில் ஆண்பிள்ளையின் மதிப்பு கடலில்தான் அளக்கப்படும். என்னையும் ஒரு தடவை அளந்தார்கள். வசந்தியின் தமையன் தேவன் தன் படகில் கூட்டிப்போனான். என் வயதொத்தவன், மலை மாதிரி ஆள், பசு மாதிரி மனது. கரை கண்ணுக்கு மறைய முன்னரே நான் காலைச் சாப்பாட்டைக் கடலிடம் ஒப்படைத்துவிட்டுப் படகின் அடியில் மல்லாந்து கிடந்தேன். திரும்பி வந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. "மாஸ்ரர், தேத்தண்ணி குடியுங்கோ" என்று மரியாதையாகத் தந்தார்கள்.

அந்த மரியாதைதான் எனக்குப் பிரச்சினை. அந்த ஊரில் சொந்தக்காரனை ஏசுவார்கள், பகிடி பண்ணுவார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள். விருந்தாளியைத்தான் "நீங்கள்", "வாங்கோ" என்பார்கள். பதினைந்து வருடம் மருமகனாக இருந்தும் ஒரு மனிதர் என்னை ஒரு சொல் ஏசியதில்லை. தேவனின் மனைவி பூமணி அக்கா ஊரில் கோழியையும் கிராம அலுவலரையும் ஒரே குரலில் ஏசுகிறவர்; அவர்கூட என்னிடம் வரும்போது மட்டும் குரலை மடித்து வைத்துவிட்டு, "தம்பி, இருங்கோ" என்பார். நான் பதினைந்து வருடமாக இருந்துகொண்டே இருந்தேன்.

இந்த நிலையில்தான் கடற்றொழிலாளர் சங்கத்தில் அந்தக் கூட்டம் நடந்தது.

விஷயம் இதுதான். சங்கக் கட்டடத்தில் இருக்கும் றேடியோச் செட் பெரியது. கரையிலிருந்து சொல்வது கடலுக்கு நன்றாகக் கேட்கும். படகுகளில் இருப்பவை சின்னச் செட்கள். ஒரு எல்லைக்கு அப்பால் அவை சொல்வது கரைக்கு எட்டாது. முந்தின வாடைக்காற்றுக் காலத்தில் இயந்திரம் நின்றுபோன படகு ஒன்று ஒரு பகல் முழுக்கக் கரையைக் கூப்பிட்டிருக்கிறது. ஒருவருக்கும் கேட்கவில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் போன வேறொரு படகு கண்டு, கட்டி இழுத்து வந்ததால் மூன்று பேர் வீடு வந்தார்கள். அடுத்த வாடைக்கு முன்னர் இதற்கொரு வழி செய்ய வேண்டும் என்று சங்கம் அனுமதியெல்லாம் எடுத்து, வாகனங்களில் பூட்டுகிற றேடியோச் செட் இரண்டும் வாங்கி வைத்திருந்தது. அவற்றை இணைப்பதற்குக் கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தபோது நான் எழும்பினேன்.

"ஏன் கொழும்பு? நான் செய்யிறன்."

சங்கத் தலைவர் நவரத்தினம் அண்ணை ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "என்ன சொல்லுறியள் மாஸ்ரர்?" என்றார். (நாற்பது வருடம் படகு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த காது.) வசந்தி எழும்பி என் வசனத்தைக் கரைமொழிக்குப் பெயர்த்தாள், அதாவது அதையே கத்திச் சொன்னாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினைந்து வருடத்தில் முதன்முறையாக அந்த ஊருக்கு நான் ஏதோ ஒன்றுக்குத் தேவைப்பட்டேன். வாடை தொடங்க இரண்டு கிழமை இருந்தது. அதற்குள் முடியாவிட்டால் கொழும்பு ஆள் வருவார் என்று தீர்மானம் எழுதினார்கள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. உயரமான இடத்தில் இரண்டு செட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒன்று காது, மற்றது வாய். காது கடலைக் கேட்கும். காதினுடைய ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தை வயரில் எடுத்து வாயினுடைய மைக்குக்குள் கொடுத்தால், கேட்டதையெல்லாம் வாய் திருப்பி ஊருக்குச் சொல்லும். ஒரே ஒரு கவனம் வேண்டும். ஸ்பீக்கருக்கு வருவது குழாய்த் தண்ணீர். மைக் எதிர்பார்ப்பது கரண்டித் தண்ணீர். குழாயை நேரே கரண்டியில் பிடித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே நடுவில் சத்தத்தைக் குறைக்கிற, கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு குமிழ் வைக்க வேண்டும். வைத்தேன். யாழ்ப்பாணம் ரவுனுக்கு மூன்று தடவை பஸ்ஸில் போய் நல்ல வயர் வாங்கினேன். என் கையால் ஈயம் வைத்து ஒட்டினேன். அந்த ஒட்டுகளை இன்றைக்கும் எந்தப் பொறியியலாளருக்கும் காட்டுவேன்.

உயரமான இடம்தான் பாடு. எங்கள் குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலையில் கூடக் கிடையாது. பெயரில் மட்டும் வைத்திருக்கிறார்கள். எனவே ஊரின் தண்ணீர்த் தாங்கிதான் எங்கள் இமயம். அதன் இரும்பு ஏணியில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறி, கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். (ஏறுகிறவன் கண்ணை மூடினால் ஆபத்து என்று கீழே நின்றவர்கள் கத்தினார்கள். திறந்தால் அதைவிட ஆபத்து என்பது எனக்குத்தானே தெரியும்.)

இனிப் பரிசோதனை. நான் தாங்கியின் மேலே. கடலில் இருந்து ஒரு குரல் வரவேண்டும். படகுகள் எல்லாம் தொழிலுக்குப் போயிருந்த நேரம். தேவனின் பழைய படகு மட்டும் கரையோரம் நங்கூரமிட்டு நின்றது. ஒலியலைகள் பற்றிய பாடம் ஒன்றை நானே என் குரலில் கைபேசியில் பதிவு செய்து வசந்தியிடம் கொடுத்தேன். அவள் படகில் இருந்து, கைபேசியைப் படகுச் செட்டின் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். என் குரல் தாங்கிக்கு வந்து, தாங்கியிலிருந்து சங்கக் கட்டடத்துக்குப் போனது. அங்கே இருந்து தலைவர் எனக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காணாது மாஸ்ரர். இன்னும் கூட்டுங்கோ."

கூட்டினேன்.

"காணாது."

இன்னும் கூட்டினேன். குமிழ் கிட்டத்தட்ட முடிகிற இடத்துக்கு வந்தபோது தலைவர், "ஆ, இப்ப சோக்காய்க் கேக்குது. என்ன பாடம் உது?" என்றார். என் குரல் கோயில் மணி மாதிரிக் கணீரென்று கேட்டதாம். நான் சட்டைப்பையிலிருந்து மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்தேன். குமிழ் அசையாமல் இருக்க அதன் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன். தொழில் தெரிந்தவர்கள் செய்கிற காரியம் இது. இந்த இடம்தான் சரி, இனி ஒருவரும் தொடக்கூடாது என்று அர்த்தம். இறங்கி வந்து, கூடியிருந்தவர்களுக்கு வேலை முடிந்தது என்று அறிவித்தேன். வசந்தி அதைக் கத்திச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை படகுகள் பேசின.

என்ன சத்தம் என்று எப்படிச் சொல்வேன்? தகரப் பேணிக்குள் தவளையைப் போட்டு, பேணியைக் கல்லு றோட்டில் இழுத்துக்கொண்டு போனால் வருமே, அது. கடலில் பன்னிரண்டு படகு, பன்னிரண்டு தவளை. ஒரு சொல் விளங்கவில்லை. சங்கக் கட்டடத்தில் மட்டுமில்லை, சமைத்துக்கொண்டே தங்கள் ஆட்கள் கதைப்பதைக் கேட்கவென்று குசினிகளில் கைச்செட் வைத்திருந்த பெண்கள் எல்லோருக்கும் தவளைதான்.

தலைவர் என்னை ஏசவில்லை. "பரவாயில்லை மாஸ்ரர், கொழும்பு ஆளைக் கேட்டுப் பாப்பம்" என்றார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

நான் விடவில்லை. வயரைக் கழற்றிப் புது வயர் போட்டேன். செட் இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தேன். வயரைச் சுற்றி ஈயத்தாள் சுற்றினேன். அன்ரெனாவை இடம் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் என் பாடத்தைப் போட்டுப் பார்த்தேன். மணி மாதிரிக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் படகுகள் பேசின, தவளை வந்தது. மூன்றாம் நாளோடு எல்லாமாக ஏழு தடவை தாங்கி ஏறியிருந்தேன். தொடாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். சிவப்புப் பொட்டு வைத்த குமிழ்.

மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே வசந்தி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் குமிழை ஆற்றை குரலுக்கு வைச்சனீங்கள்?"

"என்ரை குரலுக்கு."

"கடலிலை ஆர் கதைக்கிறது?"

நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். பதில் தெரியாமல் இல்லை. எங்கள் கரையில் ஆட்கள் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு, இயந்திரச் சத்தத்துக்கு மேலால், காற்றுக்கு மேலால் கத்துகிறவர்கள். என் மெல்லிய குரலுக்கு அளவு வைத்த குமிழுக்குள் அந்தக் குரல் போனால், கரண்டிக்குக் குழாய்தான். வாய்ச் செட் தாங்காமல் சத்தத்தின் தலையையும் காலையும் வெட்டி வெட்டி அனுப்பும். குமிழைக் கால்வாசி திருப்பிக் குறைத்தால் எல்லாம் சரி. ஒரு நிமிட வேலை. இது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

விளங்கியபிறகும் நான் குமிழைத் தொடவில்லை. ஏனென்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு நியாயம் இருக்கிறது. ஊரைக் கூட்டி வைத்துப் பொட்டு வைத்தவன் போய்ப் பொட்டை அழிப்பதா? மைக் என்பது கத்துவதற்குச் செய்த பொருளா? ஒலிவாங்கியில் சாதாரணக் குரலில் கதைக்க வேண்டும் என்பது உலகம் ஒத்துக்கொண்ட விஷயம். ஒரு ஊர் முழுக்கப் பிழையாகக் கதைத்தால் சரியான குமிழைப் பிழையாக்குவதா, ஊரைச் சரியாக்குவதா?

நான் ஊரைச் சரியாக்கத் தீர்மானித்தேன். (நாற்பது வயதில் மனிதனுக்கு வருகிற வருத்தங்களில் இதற்கு மட்டும் மருந்து கிடையாது.)

சங்கக் கட்டடத்தில் மெல்லக் கதைக்கும் பயிற்சி வகுப்பு வைத்தேன். பன்னிரண்டு படகோட்டிகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வாங்கில் வரிசையாக இருந்தார்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்றேன். பக்கத்தில் கைக்குழந்தை நித்திரையாக இருக்கும்போது எப்படிக் கதைப்பீர்களோ அப்படிக் கதைக்க வேண்டும் என்றேன். எங்கள் குழந்தைகள் எழும்பாது மாஸ்ரர், பிறந்ததிலிருந்து பழகிவிட்டன என்றார் ஒருவர். கோயிலில் சாமிக்கு முன்னால் கதைப்பது போல என்றேன். சாமிக்கும் கேட்க வேண்டுமே என்றார் இன்னொருவர்.

வயதான படகோட்டி ஒருவர் மட்டும் எழும்பி நின்று, "மெல்லக் கதைச்சால் கரையிலை ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று கேட்டார்.

படித்தவர்கள் என்று நினைப்பார்கள் என்றேன். அவர் உட்கார்ந்தார். அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த பதில் இன்றைக்கும் இரவில் என்னைத் தட்டி எழுப்பும்.

வகுப்பில் தேறியது தேவன் ஒருவன்தான். தங்கையின் புருஷன் கொழும்பு ஆளிடம் தோற்கக் கூடாது என்பதற்காக அந்த மலை மனிதன் இரண்டு நாள் வீட்டில், கண்ணாடிக்கு முன்னால், சோப்புப் பெட்டியை மைக்காகப் பிடித்துப் பழகினானாம். பூமணி அக்கா நாவூறு கழித்தாராம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. அன்றோடு எனக்குக் கொடுத்த தவணை முடிகிறது. சங்கக் கட்டடத்தில் நானும் தலைவரும் வேறு நாலைந்து பேரும் பெரிய செட்டுக்கு முன்னால் இருந்தோம். தவளைகள் இரண்டு வந்து போயின. பிறகு ஒரு சிறு அமைதி. பிறகு வந்தது.

"கரை, கரை. தேவன் கதைக்கிறன். நாங்கள் திரும்பி வாறம். ஐஸ் கூடுதலாய் எடுத்து வையுங்கோ."

மெல்ல. தெளிவாக. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, மணி மணியாக. பின்னால் அலை படகில் அடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. நான் கதிரையில் சாய்ந்தேன். கையைக் கட்டினேன். மெதுவாகத் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன்.

தலைவர் எழும்பி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் இரத்தமில்லை.

"ஆருக்கு?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. தலைவர் மைக்கை எடுத்து, என்னடா நடந்தது என்று கேட்டார். அதே மெல்லிய குரல், மிகத் தெளிவாக, "கரைக்கு வந்து சொல்லுறன் அண்ணை" என்றது. எவ்வளவு ஐஸ் என்று கேட்டார். "கிடைக்கிறது எல்லாம்" என்றது.

பதினைந்து வருடம் அந்த ஊரில் இருந்தும் எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்களை இங்கே சொல்ல வேண்டும். ஒன்று, எங்கள் கரையில் கடலிலிருந்து ஒருவர் மெல்லக் கதைப்பது ஒரே ஒரு செய்திக்குத்தான். பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். கத்தினால் எல்லோரும் சுகம். கத்தாவிட்டால் யாரோ இல்லை. இரண்டு, நல்ல மீன் பட்டால் அதை றேடியோவில் சொல்லவே மாட்டார்கள். மற்றப் படகுகள் அந்த இடத்துக்கு வந்துவிடும், கண்ணூறும் படும். "கரைக்கு வந்து சொல்லுறன்" என்றுதான் சொல்வார்கள். வழக்கமாக அதைக் கத்திச் சொல்வதால் கரைக்கு விளங்கும், படகு நிறைந்துவிட்டதென்று. இப்போது அதையே மெல்லச் சொன்னான். கூடவே, உடலைப் பழுதாகாமல் வைக்கக் கேட்பது போல, கிடைக்கிற ஐஸ் எல்லாம் கேட்டான்.

குசினிகளில் கைச்செட் வைத்திருந்த பெண்கள் கேட்டார்கள். முதல் தடவையாக, என் வேலையின் திறமையால், ஒரு சொல் பிசகாமல் கேட்டார்கள்.

நான் வெளியே வந்தபோது நாலாபக்கமிருந்தும் பெண்கள் கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அழுதுகொண்டு சிலர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிலர். தேவனின் படகில் தேவனோடு சேர்த்து நான்கு பேர். தேவன் பேசிவிட்டான், ஆகவே மற்ற மூன்று பேரில் ஒருவர். மூன்று வீட்டுப் பெண்களும் மண்ணில் இருந்துவிட்டார்கள். பூமணி அக்கா தன் ஆள் தப்பிய நிம்மதியை வெளிக்காட்ட முடியாமல், அந்த நிம்மதிக்கே வெட்கப்பட்டு, மூன்று பேரையும் மாறி மாறிக் கட்டிப்பிடித்து எல்லோரையும்விடப் பெரிதாக அழுதுகொண்டிருந்தார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். கூட்டத்துக்குள் நுழைந்தேன். அவர்கள் ஓடிவந்ததைக் கண்டு, சத்தம் எட்டிய தூரத்தை வீடு வீடாகக் குறித்துக்கொள்ள இது நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்துவிட்டேன். அழுகைக்கு என்ன காரணம் என்று அப்போதும் என் மண்டைக்குள் போகவில்லை; ஏதோ ஊர்ச் சண்டை என்று நினைத்தேன்.

"அக்கா, உங்கடை வீட்டிலை தெளிவாய்க் கேட்டுதோ?" என்று பூமணி அக்காவிடம் கேட்டேன்.

அவர் கண்ணீரோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தெளிவாய்க் கேட்டுது தம்பி" என்றார்.

"அலைச் சத்தம்?"

"அதுவும் கேட்டுது."

எழுதிக்கொண்டேன். பூமணி அக்கா வீடு: மிகத் தெளிவு. அந்தப் புத்தகத்தை வசந்தி இன்னும் அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாள். எனக்கு எதிரான சாட்சியமாக. அடுத்த பெண்ணிடம் போக முன்னர் அவள்தான் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஒரு வள்ளத்தின் மறைவில் நிறுத்தி, இரண்டு வசனத்தில் எல்லாம் சொன்னாள். ஒருவேளை உண்மையிலேயே? தேவன் பயிற்சியால் மெல்லக் கதைத்தானா, அல்லது...? எனக்கே தெரியவில்லை. நான் திருத்திய குரலை நானே நம்ப முடியாமல் நின்றேன்.

தலைவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். ஊரில் வேறு பலரும் கூப்பிட்டார்கள். என்ன நடந்தது, சொல்லடா, சொல்லடா என்று ஒரே கேள்வி. கடலில் தேவன் என்ன நினைத்தான் என்றால், மீனுக்கு மணம் பிடித்துவிட்டார்கள், இனி ஒரு சொல் சொன்னால் எல்லாப் படகும் இங்கே வரும் என்று. செட்டை நிறுத்திவிட்டான்.

படகு வர ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் கதிரைகள் வந்தன. வெள்ளைத் துணி வந்தது. பெரிய கேத்தலில் தேத்தண்ணி வந்தது. கனடாவுக்கு யாரோ தொலைபேசி எடுத்துச் சொல்லி, அங்கே மூன்று குடும்பத்துச் சொந்தங்களும் தங்கள் ஆள்தான் என்று தனித்தனியாக அழத் தொடங்கியிருந்தார்கள். நான் ஒரு கதிரையின் நுனியில் இருந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் செல்வச்சந்நிதி முருகனிடம் ஒரு தவளைச் சத்தத்துக்காக மன்றாடினேன்.

படகு தெரிந்தது. தண்ணீரில் நன்றாக அமிழ்ந்து, மெதுவாக வந்தது. பாரம் ஏற்றியிருக்கிறது என்று யாருக்கும் நினைக்கத் தோன்றவில்லை. எல்லோரும் தலை எண்ணினார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது ஆள் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். அது மூன்றா, இல்லை மூன்றில்லையா என்று கரை முழுக்க மூச்சு நின்றது. மூன்று. கடைசியாக, பின்னால் வலைக்குவியலில் படுத்திருந்த ஒருவன் சோம்பல் முறித்துக்கொண்டு எழும்பினான். நாலு.

தேவன் கரையைப் பார்த்தான். ஊர் முழுக்க நிற்பதைக் கண்டு, தன் மீனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். இரண்டு நாள் அடக்கி வைத்த குரல் அவனை மீறி வந்தது.

"பாரை! முழுக்கப் பாரை!"

அந்தக் குரலுக்குச் செட்டும் வேண்டாம், தாங்கியும் வேண்டாம். அதைக் கேட்டதும் மூன்று பெண்களும் மண்ணிலிருந்து எழும்பினார்கள். அழுகை கோபமாக மாற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பௌதிகவியலில் சூத்திரம் இல்லை. நான் பார்த்த அளவில், நேரமே எடுப்பதில்லை. இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிப் போய்த் தேவனைப் பிடித்தார்கள். அவன் திகைத்துப் போய், ஒரு விரலை நீட்டினான்.

"மாஸ்ரர்தான் மெல்லக் கதைக்கச் சொன்னவர்."

கரை முழுக்கத் திரும்பியது.

நான் எழும்பி நின்றேன். ஓடவில்லை; அது மட்டும் என் பெருமை. "சத்தம் தெளிவாய் இருந்ததா, இல்லையா?" என்று கேட்டேன். (வசந்தி அதைக் கத்திச் சொல்லவில்லை. அவள் பெயர்க்க மறுத்த ஒரே வசனம் அது.)

அவள் வீட்டுக்குப் போய், நகப்பூச்சு அழிக்கிற போத்தலையும் நகப்பூச்சையும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"ஏறுங்கோ."

"நான் சொல்லுறதைக் கேள்..."

"ஏறுங்கோ."

ஏறினேன். எட்டாவது தடவை. அன்றைக்குக் கண்ணை மூடவில்லை; கீழே பார்ப்பதைவிட மேலே போவது பாதுகாப்பாகத் தெரிந்தது. இடுப்பில் செருகியிருந்த கைச்செட்டைத் திறந்து வைத்துவிட்டு, பொட்டைச் சுரண்டினேன். இனிக் கடலில் இருந்து ஒரு குரல் வேண்டும். பாடம் படிக்கிற குரல் இல்லை, அசல் குரல். யாரைக் கேட்பது என்று நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. கீழே, நனைந்த சேலையோடு பூமணி அக்கா தேவனின் படகில் ஏறுவது தெரிந்தது. மைக்கை எடுத்தார்.

முதலில் தவளைதான் வந்தது. மிகக் கோபமான தவளை. குமிழை மெதுவாகக் குறைத்தேன். தவளைக்குள் இருந்து ஒரு சொல் தலை நீட்டியது: "விசரன்." இன்னும் கொஞ்சம் குறைத்தேன். "வெங்காயத் தோட்டத்து விஞ்ஞானி." இன்னும் ஒரு மயிரிழை. அதன்பிறகு அருவி.

"அடேய், உனக்குக் குரல் இல்லையெண்டால் எங்கடை ஆக்களுக்கும் இருக்கக் கூடாதோ? தெளிவாய்க் கேட்டுதோ எண்டு கேட்டனீ என்ன? இப்ப உனக்குத் தெளிவாய்க் கேக்குதோ? பதினெட்டு வருசமாய் நான் இந்த மனுசனை மெல்லக் கதை, மெல்லக் கதையெண்டு சொல்லுறன், கேட்டதில்லை. நீ ஒருக்கால் சொன்ன உடனை கேட்டிட்டான். அதுதான்ரா எனக்கு வயித்தெரிச்சல்."

கேட்டது. ஒவ்வொரு சொல்லும். தாங்கியின் மேல் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னை ஏசுகிற வார்த்தைகளின் ஓரம் பிசிறு இல்லாமல் வரும்வரை நான் அந்தக் குமிழை அணு அணுவாகத் திருப்பினேன். உலகத்தில் எந்தத் தொழில்நுட்பவியலாளரும் இவ்வளவு விருப்பமில்லாமல் இவ்வளவு துல்லியமாக வேலை செய்திருக்க மாட்டார். இடையில் அவர் குரல் தழுதழுத்தது. மூன்று வீட்டுப் பெண்கள் மண்ணில் இருந்ததைச் சொன்னபோது. அதுவும் தெளிவாகக் கேட்டது. அந்த இடத்தில் பொட்டு வைத்தேன்.

கொழும்பு ஆள் வரவில்லை. வாடை வந்தது. ஒரு படகுக்கு இயந்திரம் நின்றது, கூப்பிட்டார்கள், கரை முழுக்கக் கேட்டது, போய் இழுத்து வந்தார்கள். இதை ஒருவரும் கதையாகச் சொல்வதில்லை. பாரைக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

பழைய பொட்டு முழுதாக அழியவில்லை. இப்போது குமிழில் இரண்டு பொட்டு இருக்கின்றன. ஒன்றுக்கு மாஸ்ரர் பொட்டு என்று பெயர், மற்றதுக்குப் பூமணிப் பொட்டு. பூமணிப் பொட்டில் குமிழ் நிற்பதால் ஊரில் எல்லோருடைய குரலும் அந்தச் செட்டில் நன்றாகப் போகும், ஒருவருடையதைத் தவிர. நான் என் சொந்தக் குரலில் கதைத்தால் நுளம்பு பறப்பது மாதிரித்தான் கேட்கும். நானே பூட்டிய மிஷினில் எனக்கு இடமில்லை. கத்திப் பழகிக்கொண்டேன்.

பூமணி அக்கா அன்றைக்குப் பிறகு என்னைத் தம்பி, நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. "அடேய் விஞ்ஞானி, கோழிக் கூட்டுக் கதவைப் பூட்டினனியோ?" என்பார். பன்னிரண்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் ஏசு வாங்குகிறேன். பூட்டியிருப்பேன், ஆனாலும் எழும்பிப் போய் இன்னொரு தடவை பூட்டிவிட்டு வருவேன்.

எங்கள் வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தினால், யாராவது ஒருவர் உடனே "ஐஸ் எவ்வளவு வேணும்?" என்று கேட்பார்கள். கோபத்தில் மெல்லக் கதைத்தாலும் கேட்பார்கள், தொண்டை கட்டினாலும் கேட்பார்கள். மகள் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தால் முதல் சொல்லைக் கத்தித்தான் சொல்வாள், அம்மா பயப்படக் கூடாதென்று.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பொடியன் வலிகாமத்துப் பக்கம், கணக்காளர், நல்ல பிள்ளை. கூடத்தில் இருந்தவர், வசந்தியைப் பார்த்து, மெல்ல, மிக மெல்ல, ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு என் அப்பாவின் வீடு ஞாபகம் வந்தது. மகள் சிரிப்பை அடக்கக் கதவுக்குப் பின்னால் போனாள். தேவன் தன் கணக்கில் இரகசியமாக, அதாவது ஒழுங்கை முனைவரைக்கும் கேட்கக்கூடியதாக, என் பக்கம் சரிந்தான்.

"மச்சான், ஐஸ் எவ்வளவு எடுத்து வைக்க?"

பொடியன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் அவர் அருகில் கதிரையை இழுத்துப் போட்டு, நல்ல வாடைக்காற்றுக் குரலில் சொன்னேன்.

"தம்பி, கத்திக் கேளுங்கோ. இஞ்சை ஆக்கள் பயப்பிடுவினம்."

அவர் தொண்டையைச் செருமி, இன்னொரு தடவை கேட்டார். பாவம், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தியிருப்பார் போல. தண்ணீர் உடனே வந்தது.

கைகழுவப் போனபோது அவருக்கு முழுக் கதையையும் சொன்னேன். வயரில் பிழையில்லை என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். இன்றுவரை அதை ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். கல்யாணம் தையில்.